மேலே என்பது எந்தப் பக்கம்?

இங்கிலீஷ் பாஷையோடு எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வாசகர்களில் பாதிப் பேர், "சரிதான், இவரும் கொடியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடுவார்கள். என் கதைகளில் வருகிற மனிதர்கள் பஸ்ஸில்தான் போகிறார்கள்; காப்பிதான் குடிக்கிறார்கள்; ஆபீசுக்குத்தான் தாமதமாகப் போகிறார்கள். அந்தச் சொற்களை நான் விரட்டப் போவதில்லை. நம் வீட்டுக்கு வந்து உழைத்துச் சாப்பிடுகிற சொற்கள் அவை.

நான் சண்டைக்கு நிற்பது ஒரு குறிப்பிட்ட கூட்டத்தோடு. மேலே போவதைச் சொல்லுகிற இங்கிலீஷ்ச் சொற்கள் சில இருக்கின்றன. ப்ரமோஷன், எலிவேஷன், அப்கிரடேஷன், அப்லிஃப்ட்மென்ட். இவை உழைக்காமலே மரியாதை வாங்குகிற சொற்கள். சபையில் இவற்றில் ஒன்றை எடுத்து விட்டால் போதும், கேட்கிறவர்கள் கை தட்டிவிடுகிறார்கள். மேலே போனது யார், தூக்கியது யார், எதன்மேல் கால் வைத்து ஏறினார்கள், கீழே நிற்பது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்க விடாமல் செய்வதுதான் இந்தச் சொற்களின் உத்தியோகம் என்பது என் குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டு என்றால் சாட்சி வேண்டும். என் சாட்சி ராணிப்பேட்டை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிப் போகிற தோல் ஊர்களில் இந்தச் சொற்கள் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. சம்பளச் சீட்டில் ஏறின. சர்க்கார் தாளில் ஏறின. கடைசியில் கிணற்றுத் தண்ணீரிலும் இறங்கின.

ஆனால் முதலில் இங்கிலீஷ்காரனுக்கு நியாயம் செய்துவிடுவோம். அவன் தன் வீட்டில் கவனமாகத்தான் பேசினான். தானே எழுவதற்கு 'ரைஸ்' என்றான். இன்னொருவர் எழுப்புவதற்கு 'ரெய்ஸ்' என்றான். நம் இலக்கணம் தன்வினை, பிறவினை என்று பிரிக்கிறதே, அதே காரியம். கையையும் காலையும் வைத்துத் தொற்றி ஏறினால் 'க்ளைம்ப்' என்றான். 'லிஃப்ட்' என்ற சொல் பழைய நார்ஸ் பாஷையில் ஆகாயத்தைக் குறித்த சொல்லுக்கு உறவு. தரையிலிருந்து காற்றுக்குக் கொண்டுபோவது. 'ப்ரமோஷன்' லத்தீனிலிருந்து வந்தது. அதற்கு முன்னே நகர்த்துவது என்று பொருளே தவிர, அதில் உயரம் கிடையாது. 'அப்கிரேட்' என்பது ஆதியில் பாதையின் ஏற்றம். வண்டி மூச்சு வாங்க ஏறுகிற மேட்டுக்குப் பெயர். 'எஸ்கலேட்டர்' என்பது 1900 ஆம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சியில் ஓடிக் காட்டிய நகரும் படிக்கட்டுக்கு சூட்டிய வியாபாரப் பெயர். அதிலிருந்து கிளைத்த 'எஸ்கலேட்' இன்று நம் ஆபீசுகளில் புழங்குகிறது. புகாரை 'எஸ்கலேட்' பண்ணிவிட்டோம் என்கிறார்கள். புகார் மேலே போகிறது. புகார் கொடுத்தவர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆக, சொற்கள் பிறந்தபோது யோக்கியமாகத்தான் பிறந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மனிதன், ஒரு மேடு, ஒரு படிக்கட்டு இருந்தது. பழுது வேறோரிடத்தில் இருக்கிறது. அது 'அப்' என்கிற அந்தச் சின்னச் சொல்லில் இருக்கிறது.

இங்கிலாந்து ரயில்வேயில் லண்டனை நோக்கிப் போகிற பாதைக்கு 'அப்' என்று பெயர். லண்டனை விட்டு வெளியே போகிற பாதை 'டௌன்'. ஸ்காட்லாந்து மலையிலிருந்து இறங்கி, சமவெளியில் ஓடி, கடல் மட்டத்துக்குப் பக்கத்திலே இருக்கும் லண்டனுக்கு வருகிற வண்டியும் 'அப்' வண்டிதான்! ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போனால் மேலே போகிறான் என்பார்கள். அங்கிருந்து துரத்திவிட்டால் கீழே அனுப்பிவிட்டார்கள் என்பார்கள். இதில் உயரக் கணக்கு எங்கே இருக்கிறது? அதிகாரம் எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறதோ அந்தத் திசை மேலே. அதற்கு முதுகு காட்டினால் கீழே. அவ்வளவுதான் கணக்கு. தென்னாட்டின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி ராணிப்பேட்டைக்குப் பக்கத்திலுள்ள வாலாஜா ரோடு வரைக்கும் வந்தது. அந்த வண்டியோடு இந்தப் புத்தியும் வந்து இறங்கியது போலும். இன்னும் திரும்பிப் போகவில்லை.

தமிழன் மேலே என்று எதைச் சொன்னான் என்று பாருங்கள். மேல் திசை மேற்கு. கீழ்த் திசை கிழக்கு. நம் நிலம் மேற்கே மலையாக உயர்ந்து கிழக்கே கடலாகச் சரிகிறது. தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அது மேல். எங்கே போகிறதோ அது கீழ். இதில் யாருடைய அரண்மனைக்கும் இடமில்லை. மண்ணின் சரிவும் தண்ணீரின் ஓட்டமும்தான் அளவுகோல். தண்ணீர் பொய் சொல்லாது. மேலே இருக்கிறவன் ஊற்றியது கீழே இருக்கிறவன் வாசலுக்கு வந்தே தீரும். கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் தாண்டி, ராணிப்பேட்டைக்கும் ஆற்காட்டுக்கும் நடுவே ஓடி, காஞ்சிபுரம் வழியாகக் கடலுக்குப் போகிற பாலாற்றங்கரையில் இருக்கிறவர்களுக்கு இதை யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த இரண்டு அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு இனி நம் சொற்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் ப்ரமோஷன். இந்த வட்டாரத்து ஷூ கம்பெனிகளில் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். செருப்பின் அடிப்பாகத்துக்கு மேலே பாதத்தை மூடுகிற பாகத்துக்கு 'அப்பர்' என்று பெயர். அந்த அப்பரைத் தைக்கிற வேலைதான் பெரும்பாலான பெண்களுக்கு. பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம், "என்ன வேலைம்மா?" என்று கேட்டேன்.

"அப்பர்ல இருந்தேண்ணா. இப்ப ப்ரமோஷன் குடுத்துட்டாங்க. சூப்பர்வைசர்."

"நல்லதுதானே. சம்பளம் ஏத்தினாங்களா?"

"ஆயிரம் ரூபா ஏத்துனாங்கண்ணா. ஆனா இனிமே ஓ.டி. காசு கெடையாதுன்னுட்டாங்க. ஓ.டி.ல வந்ததே அதுக்கு மேல."

"அப்புறம் ஏம்மா ஒத்துக்கிட்டே?"

"ப்ரமோஷன வேணான்னு எப்டிண்ணா சொல்றது? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க."

வாசகர்களே, அந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். கூலியைக் குறைக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் சண்டை போட்டிருப்பாள். நாலு பேரைக் கூட்டியிருப்பாள். ப்ரமோஷன் என்று சொன்னதால் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். ஒரே காரியம், பெயர் மாறியது, எதிர்ப்பு கரைந்தது. இதை விடச் சிக்கனமான கூலிக் குறைப்பை எந்தக் கணக்குப்பிள்ளையும் கண்டுபிடித்ததில்லை.

இது ஏதோ ஒரு கம்பெனியின் குறும்பு என்று நினைத்துவிடாதீர்கள். சட்டத்திலேயே இதற்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது. 1948 ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் மிகைநேர வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்று வைத்தது. மேற்பார்வை செய்கிறவர்களுக்கு அந்த வேலைநேர விதிகளிலிருந்து விலக்குத் தரலாம் என்றும் அதே சட்டம் சொன்னது. 1947 ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில், மேற்பார்வை வேலை செய்பவர் ஒரு குறிப்பிட்ட சம்பளத்தைத் தாண்டினால் அவர் சட்டப்படி 'தொழிலாளி' அல்ல. அந்த வரம்பு ஒரு காலத்தில் 500 ரூபாயாக இருந்தது; பிறகு 1,600 ஆயிற்று; 2010 ஆம் வருஷத் திருத்தத்தில் 10,000; 2020 ஆம் வருஷத்துத் தொழில் உறவுத் தொகுப்பில் 18,000. வரம்புக்கு மேலே ஒரு ரூபாய் ஏற்றி, சூப்பர்வைசர் என்று பெயரும் வைத்துவிட்டால், வேலையிலிருந்து நீக்கினால் தொழிலாளர் கோர்ட்டுக்குப் போகிற பாதை அவருக்கு அடைபட்டுப் போகும். மேலே ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துக்கொள்வது என்பது இதுதான். பெயரைப் பார்க்காதே, செய்கிற வேலையைப் பார் என்று நீதிமன்றங்கள் பல தடவை சொல்லியிருக்கின்றன. கோர்ட்டு வாசல் வரைக்கும் போக முடிந்தவர்களுக்கு அது உதவும். ஊர் சிரிக்கும் என்று பயந்தவளுக்கு?

இந்த 'அப்பர்' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊரில் அப்பர் என்றால் உழவாரப் படையைக் கையில் ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிய திருநாவுக்கரசர். சம்பந்தர் ஏறி வந்த பல்லக்கை ஆளோடு ஆளாகத் தோளில் தாங்கியவர் என்று பெரிய புராணம் அவரைப் பற்றிச் சொல்லுகிறது. பல்லக்கில் ஒருவர் உயரே போனால் அடியில் தோள்கள் உண்டு என்பதை அந்தக் கதை மறைக்கவில்லை. ஷூ கம்பெனியின் அப்பரும் அப்படித்தான். அடியில் 'சோல்' இருந்தால்தான் அதற்கு அப்பர் என்று பெயர். எதற்கு மேலே என்பதை அந்தச் சொல் ஒளிக்கவில்லை. மற்றச் சொற்களிடம் நான் கேட்பதும் இந்த யோக்கியதைதான்.

அடுத்தது அப்லிஃப்ட்மென்ட். இங்கிலாந்தில் 'அப்லிஃப்ட்' என்றே முடித்துக்கொள்வார்கள். அதற்கு ஒரு வாலைக் கட்டி மேடை மேடையாக முழக்குவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. ஏழைகளின் அப்லிஃப்ட்மென்ட், பெண்களின் அப்லிஃப்ட்மென்ட், தாழ்த்தப்பட்டோரின் அப்லிஃப்ட்மென்ட். கவனியுங்கள், பணக்காரனின் அப்லிஃப்ட்மென்ட் என்று யாரும் சொல்வதில்லை. பணக்காரன் 'ரைஸ்' ஆகிறான், தன்வினை. ஜட்ஜ் 'எலிவேட்' ஆகிறார். முதலாளியின் பிள்ளை 'டேக் ஓவர்' பண்ணுகிறான். ஏழையை மட்டும் யாராவது தூக்க வேண்டும்! அவனுக்குக் கால் இல்லையா? அவன் எழுந்திருக்க மாட்டானா? எழுந்திருப்பான். அவன் எழுந்தால் இடித்துக்கொள்ளும்படி அவன் தலைக்கு மேலே பலகை அடித்து வைத்திருப்பது யார் என்று அந்தச் சொல் கேட்பதில்லை. பலகையைக் கழற்றுங்கள் என்றால் அது உரிமைப் பேச்சு. தூக்கிவிடுகிறோம் என்றால் அது தர்மம். தர்மத்துக்கு மாலை உண்டு. உரிமைக்கு யார் மாலை போடுகிறார்கள்?

இதைப் புரிந்துகொண்ட பெரியவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893 ஆம் வருஷம் ஒரு பத்திரிகை ஆரம்பித்தபோது அதற்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். ஊர் எந்தச் சொல்லால் தாழ்த்தியதோ அந்தச் சொல்லையே முகப்பில் அச்சடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். டாக்டர் அம்பேத்கர் 1930களில் காந்தியடிகளின் ஹரிஜன சேவா சங்கத்தோடு முரண்பட்டதன் அடியில் இருந்ததும் இந்தக் கேள்விதான். தூக்கிவிடுகிறவர்களின் கருணை பெரிதா, எழுகிறவர்களின் அதிகாரம் பெரிதா? தோல் ஊர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டியவர்களின் ஜாதி எது, அவர்களைத் தொடாமல் அவர்கள் பதனிட்ட தோலை மட்டும் தொட்டவர்கள் யார் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாவது, இருப்பதிலேயே பெரிய ஆசாமி: அப்கிரடேஷன்.

1970களின் தொடக்கம் வரைக்கும் நம் நாடு பெரும்பாலும் பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் கப்பலேற்றியது. லாபத்தை வெளிநாட்டுக்காரன் எடுத்தான். 1972 ஆம் வருஷத்துச் சீதாராமையா கமிட்டி இதை மாற்றச் சொன்னது. அதற்குப் பின் அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுக்க முடித்த தோல், அப்புறம் அப்பர், அப்புறம் முழு ஷூ என்று தொழில் வளர்ந்தது. இதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வளர்ச்சி இல்லையென்றால் பஸ்ஸில் பார்த்த அந்தப் பெண்ணுக்கு வேலையே இருந்திருக்காது. பெண்கள் கையில் சம்பளம் வந்தது பெரிய விஷயம். அதனால் நின்றுபோன குழந்தைக் கல்யாணங்கள் உண்டு, படித்த பிள்ளைகள் உண்டு. இது ஏற்றம்தான். மறுக்கிறவன் மூடன்.

ஆனால் ஏற்றத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டாமா? ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு நாள் கணக்கில் ஊறவைத்த தொழிலில் குரோம் உப்பு வந்தது. வேலை வேகமாக முடிந்தது; தோல் மிருதுவாயிற்று. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவு என்று சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே கணக்கு இருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? கீழே. வேறு எங்கே போகும்? வேலூரைச் சேர்ந்த பொதுஜன அமைப்பு ஒன்று 1991 இல் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் தீர்ப்பு வந்தது. தோல் ஊர்களைச் சுற்றி 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழாயிற்று என்ற வேளாண்மை ஆராய்ச்சிக்காரர்களின் கணக்கை அந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டியது. கெடுத்தவன் காசு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் வேர் பிடித்தது அந்தத் தீர்ப்பில்தான். தோல் தொழிற்சாலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 29 வருஷத்துக்குள், 2025 ஜனவரி 30 இல், அதே சுப்ரீம் கோர்ட்டு பாலாற்றுத் தோல் கழிவைப் பற்றி மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நடுவில் எத்தனை அப்கிரடேஷன்! தோல் துறைக்கான மத்திய சர்க்கார் திட்டத் தாள் எதை எடுத்தாலும் அந்தச் சொல் கண்ணில் படும்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் குரோமேட் உப்புத் தயாரித்த ஆலை ஒன்று, தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்று பெயர், 1970களில் பிறந்து 1990களின் நடுவில் மூடிவிட்டது. போகும்போது லட்சத்துக்கு மேற்பட்ட டன் கழிவை ஒரு மேடாகக் குவித்துவிட்டுப் போயிற்று. புற்றுநோய் தரக்கூடிய குரோமியம் கலந்த அந்த மேடு கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே கிடந்தது. மழை பெய்தால் மஞ்சளாகத் தண்ணீர் கசிந்தது. 2006 இல் நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் உலகத்தில் மிக அசுத்தமான பத்து இடங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இடம் பெற்றது. நம் ஊர் ஓர் உலகப் பட்டியலில் அத்தனை உயரத்துக்கு ஏறியது அந்தத் தடவைதான்.

2015 ஜனவரி 31 பின்னிரவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சிப்காட்டில் பல தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்தப்படுத்துகிற பொது நிலையம் ஒன்று. அங்கே கழிவுச் சேறு தேங்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சேறு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று எந்தத் திட்டத் தாளையும் கேட்கவில்லை. பள்ளத்தைப் பார்த்து ஓடியது. பள்ளத்தில் மனிதர்கள் படுத்திருந்தார்கள். தமிழனின் பழைய மேலும் கீழும் மாறவே இல்லை என்பதை அந்த இரவு காட்டியது. 'அப்' என்பது காகிதத்தில் இருந்தது. கீழ் என்பது தரையில் இருந்தது.

2019 நவம்பர் 28 இல் ராணிப்பேட்டை தனி ஜில்லா ஆயிற்று. ஜில்லா தலைநகரமாக 'அப்கிரேட்' ஆகிவிட்டது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். கலெக்டரைப் பார்க்க வேலூருக்கு பஸ் ஏற வேண்டாம்; அது நல்லதே. ஆனால் ஓர் ஊர் உயர்ந்துவிட்டதா என்று பார்க்க கலெக்டர் ஆபீஸின் மாடியை அண்ணாந்து பார்ப்பதா, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதா? நான் கிணறு என்பேன்.

இன்னொரு வேடிக்கை. கொடுப்பதைச் சொல்லும்போது வரிசை கட்டி நிற்கிற இந்த மேல்நோக்கிய சொற்கள், எடுப்பதைச் சொல்லும்போது மாயமாகிவிடுகின்றன. 2018 ஜனவரியில் பஸ் கட்டணம் ஏறியது. 2022 செப்டம்பரில் மின்சாரக் கட்டணம் ஏறியது. ஜனங்கள் ஏற்றம் என்றார்கள். சர்க்கார் பாஷையில் அதற்குப் பெயர் 'ரிவிஷன்', கட்டணத் திருத்தம்! பிழை இருந்தால்தானே திருத்த வேண்டும்? குறைவாக வாங்கிக்கொண்டிருந்தது பிழை போலும். விலை விஷயத்தில் நம் பேச்சு வழக்கையும் கவனியுங்கள். "வெங்காயம் விலை ஏறிப்போச்சு" என்கிறோம்; ஏதோ வெங்காயமே எழுந்து படியேறியதுபோல. "கூலி ஏத்திக் குடுத்தாங்க" என்கிறோம். யாரோ இரங்கித் தந்ததுபோல. விலைக்குத் தன்வினை, கூலிக்குப் பிறவினை. இந்த இலக்கணத்தை எழுதிய புலவர் நிச்சயமாகக் கடை முதலாளியாகத்தான் இருக்க வேண்டும்.

"அப்படியானால் தமிழிலே சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?" என்று கேட்பீர்கள். ஆகாது. சர்க்கார் தமிழைப் பாருங்கள்: 'தரம் உயர்த்தப்பட்டது', 'மேம்படுத்தப்பட்டது'. இங்கிலீஷ்க்காரன் சட்டையைக் கழற்றி அதே உடம்புக்கு வேட்டி கட்டிவிட்டிருக்கிறார்கள். உயர்த்தியது யார்? சொல்ல மாட்டார்கள். 'படு' என்ற துணைவினைக்கு அனுபவிப்பது, அவதிப்படுவது என்ற பொருளும் நம் பாஷையில் உண்டு. 'உயர்த்தப்பட்டார்' என்று எழுதும்போது, பாவம், எவ்வளவு பட்டாரோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பழைய தமிழும் எப்போதும் யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை. இந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 1714 இல் செஞ்சியில் தேசிங்கு ராஜன் போரில் மாண்டான். அவன் இளம் மனைவி அவனோடு தீயில் இறந்தாள். அவள் நினைவாக ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் இந்தப் பேட்டைக்கு ராணிப்பேட்டை என்று பெயர் வைத்தான் என்பது வழிவழியாக வருகிற வரலாறு. அவள் இறந்ததை நம் முன்னோர் எப்படிச் சொன்னார்கள்? 'உடன்கட்டை ஏறினாள்' என்றார்கள். ஏறினாளாம்! சுத்தமான தன்வினை. மேளம் கொட்டியவர்கள், விறகு அடுக்கியவர்கள், சுற்றி நின்றவர்கள் ஒருவரும் அந்த வாக்கியத்தில் இல்லை. ஒரு பெண் சாம்பலானதை உயர்வு என்று சொல்ல நம் பாஷைக்கும் வாய் வந்தது. ஆகவே குற்றம் இங்கிலீஷின் ரத்தத்தில் இருக்கிறது, தமிழின் ரத்தம் சுத்தம் என்று நான் மார் தட்ட மாட்டேன். மேலே போகிற சொல் எந்த பாஷையில் இருந்தாலும் அதைச் சோதனை போட வேண்டும் என்பதே என் கட்சி. இங்கிலீஷ்ச் சொல்லை இரட்டிப்பாகச் சோதிக்க வேண்டும். ஏனென்றால் அது நமக்குப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் இருக்கிறது. புரியாத பாதியில்தான் கள்ளச் சரக்கு வருகிறது.

படிக்காத ஜனங்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். 'லிஃப்ட்' என்ற சொல்லை அவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? சாலையோரத்தில் நின்று கட்டைவிரலை நீட்டி, "அண்ணா, முத்துக்கடை வரைக்கும் லிஃப்ட் குடுங்கண்ணா" என்கிறான் ஒரு பையன். யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார், எதுவரைக்கும், எங்கே இறங்குவது, எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. இறங்கிய பிறகு, "உன்னை நான் அப்லிஃப்ட் செய்தேன்" என்று மோட்டார் சைக்கிள்காரர் மேடை போட்டுப் பேசுவதில்லை. இங்கிலீஷ்ச் சொல்தான், ஆனால் என்ன நாணயம்!

அந்த நாணயத்தைப் பெரிய மனிதர்களிடமும் கேட்போம். உங்கள் பிள்ளைக்கு ப்ரமோஷன் என்று கடிதம் வந்தால் சந்தோஷப்படுங்கள், பாயசம் வையுங்கள். பாயசம் கொதிக்கிற நேரத்தில் அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை படித்து, எது கூடியது, எது போயிற்று என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போடுங்கள். உங்கள் ஊர் அப்கிரேட் ஆயிற்று என்று பானர் கட்டினால், சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று போய்ப் பாருங்கள். ஏழைகளின் அப்லிஃப்ட்மென்ட் என்று ஒருவர் மேடையில் பேசினால், கூட்டம் முடிந்ததும் அவரிடம் போய், "ஐயா, அவர்கள் எழுந்திருக்கத் தடையாக இருப்பது எது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் சொன்னால் அவர் நல்லவர். கோபப்பட்டால் தடை எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.